தாத்தாவின் கண்ணாடியை நீலத்தில் அச்சிடுவது

பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றை சயனோடைப் தாளின்மேல் (வெயில் பட்ட இடம் நீலமாகும்படி ரசாயனம் பூசிய தாள்) வைத்து வெயிலில் காட்டுங்கள். அது எந்தக் காலத்துக் கண்ணாடி என்று தாளைக் கழுவும்போதே தெரிந்துவிடும். வில்லை நிஜமான கண்ணாடியாக இருந்தால் வெயிலின் புற ஊதா ஒளியில் பெரும்பங்கு அதன் வழியே இறங்கிவிடும். ஃபிரேம் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்க, வில்லைக்குள் நீலம் ஏறியிருக்கும். இப்போதைய பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வில்லை அந்த ஒளியைத் தடுத்துவிடுவதால், ஃபிரேமும் வில்லையும் சேர்ந்து இரண்டு வெள்ளை வட்டங்களாக விழும். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரேபோலத்தான் தெளிவாக இருக்கின்றன. கண்புரை அறுவைக்குப் பிறகு அந்தக் காலத்தில் போட்ட சோடாபுட்டிக் கண்ணாடி என்றால் இன்னும் விசேஷம். அதன் பவர் +10 அளவில் இருக்கும். தாளிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் நின்றாலே ஒளியை உள்நோக்கிச் சுருக்கி, நடுவில் கரிய நீல வட்டத்தையும் அதைச் சுற்றி அகலமான வெள்ளை வளையத்தையும் போட்டுவிடும். அறுவையில் கண்ணிலிருந்து எடுத்துவிட்ட வில்லைக்கு ஈடாக அந்தக் கண்ணாடி செய்த வேலையின் அளவு அது. போட்டோவில் இது வராது.

குடும்ப நினைவை சயனோடைப்பில் செய்ய நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். இது தொட்டு அச்சாகும் முறை. ஒளிக்கும் தாளுக்கும் நடுவில் எதை வைக்கிறோமோ அது, அதே அளவில் விழுகிறது. வளையல் வளையலின் அளவிலும் சாவி சாவியின் அளவிலும் வரும். பழைய போட்டோ எதை எடுத்தாலும் நீலமாக்கிச் சட்டம் போட்டால் நினைவு வந்துவிடும் என்று நினைத்துச் செய்யும் வேலைகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. வெறும் நீலத்துக்குக் கணினியில் ஒரு ஃபில்டர் போதும். ரசாயனத்தில் கை வைக்கத் தேவையில்லை.

வரலாறு சுருக்கமாக. பிரஷ்யன் நீலம் என்ற நிறமி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்தது. அதை ஒளியால் தாளிலேயே உண்டாக்கலாம் என்று 1842இல் கண்டவர் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். அடுத்த ஆண்டே, 1843இல், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை நேரடியாகத் தாளில் வைத்து அச்சிட்டுத் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கினார். போட்டோவால் படம் சேர்த்த முதல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். முன்னுரையின் கீழே அவர் முழுப்பெயரைப் போடவில்லை, 'ஏ.ஏ.' என்று முதலெழுத்துகள் மட்டும்தான். பின்னால் அந்தப் பிரதியைப் பார்த்தவர்கள் அதை 'அநாமதேய அமெச்சூர்' என்பதன் சுருக்கமாகப் படித்தார்கள். யாருடைய அச்சு, யாருடைய பொருள் என்பதை எங்கே எழுத வேண்டும் என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

கரைசல்

இரண்டு பொருள்கள். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் (பச்சை வகை கேட்டு வாங்குங்கள், பழுப்பு வகை மந்தமானது) 25 கிராமைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமையும் அதேபோல் 100 மி.லி. ஆக்குங்கள். தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். போர் தண்ணீர் கூடாது. இரண்டும் தனித்தனி பழுப்பு பாட்டிலில் இருக்கும்வரை மாதக்கணக்கில் தாங்கும். சிட்ரேட் கரைசலின்மேல் பூசணம் பிடிக்கும், நம் ஊர் வெக்கையில் சீக்கிரமே பிடிக்கும். மெல்லிய துணியில் வடித்துவிட்டுப் பயன்படுத்தலாம். பூசும் நேரத்தில் மட்டும் இரண்டையும் சம அளவில் கலந்து, கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

நடப்பது இதுதான். புற ஊதா ஒளி பட்டதும் சிட்ரேட்டோடு இருக்கும் ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாகிறது. அது ஃபெரிசயனைடோடு சேர்ந்து கரையாத நீலமாகத் தாளின் இழைக்குள் உட்காருகிறது. ஒளி படாத இடத்தில் கலவை கரையும் நிலையிலேயே இருப்பதால் தண்ணீரில் போய்விடும். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரும் அதை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரும் இங்கே வெறும் தண்ணீரே.

பெயரில் 'சயனைடு' இருப்பதால் பயப்படுகிறவர்கள் உண்டு. இதில் சயனைடு இரும்போடு இறுகக் கட்டுண்டிருக்கிறது. சாதாரணக் கையாளலில் வெளியே வராது. ஆனால் கடும் அமிலத்தோடு சேர்க்கவோ சூடேற்றவோ கூடாது, அப்போது நச்சுவாயு வரும். கழிப்பறை கழுவும் ஆசிட் இருக்கும் இடத்தில் இந்த வேலை வேண்டாம். கையுறை போடுங்கள். சமையல் கரண்டியும் டம்ளரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. மொசைக் தரையில் சிந்திய சொட்டு மறுநாள் நீலமாகி உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

ஏ4 தாள் ஒன்றுக்கு பிரஷ்ஷால் பூச 3 முதல் 4 மி.லி. கலவை போதும். மேலே சொன்ன அளவில் ஐம்பது தாள்வரை வரும். பிரஷ்ஷில் இரும்புப் பட்டை இருக்கக்கூடாது. துரு உதிர்ந்தால் அந்த இடமெல்லாம் நீலப் புள்ளி. நெட்டாக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை, தேங்கிய இடத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் தேய்த்தால் தாளின் மேல்தோல் எழும்பிவிடும். சாதாரண மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பூசலாம். ஜன்னல் மூடியிருக்கட்டும். இருட்டில் மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் காய்ந்தபின் தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். இப்போதே நீலச்சாயல் தெரிந்தால் தாள் கெட்டுவிட்டது, வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் காய்வது போலத் தோன்றும், காய்ந்திருக்காது. ஈரத்தோடு நெகட்டிவை வைத்தால் நெகட்டிவ் ஒட்டிக்கொள்ளும், வெள்ளையில் புகைநீலம் ஏறும்.

தாளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்றைய நல்ல தாள்களில் பல, மஞ்சளாகிவிடாமல் நீண்ட காலம் இருப்பதற்காகச் சுண்ணாம்புப் பொருள் (கால்சியம் கார்பனேட்) சேர்த்துச் செய்யப்படுகின்றன. பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் எதிரி. விலை கொடுத்து வாங்கிய தாளில் நீலம் சோகை பிடித்து வருவது இதனால்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, நுரைக்குமிழி அடங்கும்வரை தாளை ஊறவைத்து, அலசிக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகும். முழுக்கப் பருத்தியில் செய்த, 300 ஜிஎஸ்எம், வழவழப்பான முகம் உள்ள நீர்வண்ணத் தாள் முகங்களுக்கு நல்லது. சொரசொரத் தாளில் 2 செ.மீ.க்குக் குறைவான முகம் கண்ணை இழந்துவிடும்.

பொருளை வைப்பதா, நெகட்டிவை வைப்பதா

கையில் பொருள் இருந்தால் பொருளையே வையுங்கள். போட்டோ இல்லாத வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே இரவில் கிளம்பியவர்களில் எத்தனை பேர் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்? மடியில் இருந்த வீட்டுச் சாவி வந்திருக்கும். அந்தச் சாவியைப் படம் எடுத்து, அந்தப் படத்தை நெகட்டிவாக்கி, அதை நீலத்தில் அச்சிடுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. தாளில் வைத்தால் போதும், பல்லின் வெட்டு உட்பட அதன் உருவம் அப்படியே விழும்.

ஆனால் விலைமதிப்பில்லாத பொருளை ரசாயனம் பூசிய தாளில் நேராக வைக்காதீர்கள். நடுவில் மெல்லிய, நிறமற்ற ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்று. விளிம்பின் கூர்மை ஒரு மயிரிழை குறையும், பொருள் பிழைக்கும். வெள்ளிக்கு இது கட்டாயம்: ஃபெரிசயனைடு வெள்ளியைத் தாக்கும், போட்டோ லேபில் வெள்ளிப் படத்தை வெளுக்கவைக்கவே அதைப் பயன்படுத்தினார்கள்.

பொருள்களின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டால் தாளில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். கண்ணாடி வளையலில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளை வளையமாக விழும், ஏனென்றால் அந்த நிறங்கள் புற ஊதாவை விழுங்குகின்றன. கோபால்ட் நீல வளையல் அதை விட்டுவிடும். அதன் உருவம் பேய்போல மங்கலாகத்தான் தெரியும். பூவும் வெற்றிலையும் ஈரம் விட்டுக் கறைபடுத்தும் என்பதால் இரண்டு நாள் புத்தகத்தில் அழுத்தி வைத்து எடுக்க வேண்டும். கோலம் அருமையாக வரும். கோலத்தின் இழுப்பு கையெழுத்துபோல ஆளுக்கு ஆள் வேறு. அம்மாவோ அத்தையோ பூசிய துணியின்மேல் நேராகப் போட்டு, வெயில் காட்டி, மாவைத் தட்டிவிட்டுக் கழுவினால் வெள்ளை இழையாக நிற்கும். அரிசி மாவில் போடச் சொல்லுங்கள். கடையில் விற்கும் கல்மாவில் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் சேர்ந்திருக்கும். தட்டியபின் ஒட்டியிருக்கும் துகள் கழுவும்போது பக்கத்து நீலத்தையும் தின்னும். முற்றத்தில் இதைச் செய்ய முடியாது: கோலம் போட ஐந்து நிமிடம் ஆகும், அதற்குள் துணி முழுக்க வெயில் ஏறிவிடும். அறைக்குள் போட்டு, பலகையோடு அசைக்காமல் வெளியே தூக்கிவர இரண்டு பேர் வேண்டும். காற்றில்லாத நாளாகப் பார்க்கவும்.

ஆளையே வைக்கலாம். 1950ஐ ஒட்டி அமெரிக்காவில் ராபர்ட் ரவுஷன்பெர்க், சூசன் வைல் என்ற இரு கலைஞர்கள் கட்டட வரைபடத்துக்கான நீலத்தாளை விரித்து, அதில் ஆளைப் படுக்கவைத்து, விளக்கொளியில் முழு உருவ நிழல்களைப் பதித்தார்கள். நாலு முழ வேட்டியில் இதைச் செய்யலாம். பத்து நிமிடம் ஆடாமல் படுத்திருக்க வேண்டும் என்பதால் காலை எட்டு மணி வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மூச்சு விடும்போது வயிறும் தோளும் அசைவதால் அந்த விளிம்புகள் பஞ்சுபோல வரும். தரையை அழுத்தி நிற்கும் குதிகாலும் பின்னந்தலையும் கூர்மையாக வரும். நிழலில் முகம் கிடையாது. ஆளை அடையாளம் காட்டுவது கொண்டை, விரித்த விரல்களின் இடைவெளி, சற்றே வளைந்த முட்டி ஆகியவைதான். படுக்கவைக்கும்போது பக்கவாட்டு முகமாகத் திருப்பி வைத்தால் மூக்கு கிடைக்கும்.

பழைய வேட்டி, பழைய புடவை

துணியில் அச்சிட நூறு சதவீதப் பருத்தி வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் நீலம் கழுவும்போதே வழிந்து போகும். புதுத்துணியைவிடப் பத்து வருடம் துவைத்த வேட்டி மிக நன்றாகக் குடிக்கும், ஆனால் அதற்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கும்: கஞ்சி, சொட்டு நீலம், சலவைச் சோடாவின் மிச்சம். கஞ்சி கரைசலைத் துணிக்குள் விடாது. நீலம் மேலே மிதந்து கழுவும்போது உரிந்துவரும். சோடா காரம் என்பதால் நீலத்தையே அழிக்கும். சொட்டு நீலம் பெரிய கெடுதல் செய்யாது, வெள்ளையைக் கொஞ்சம் ஊதாவாக்கும், அவ்வளவுதான். வெந்நீரில் சோப்பில்லாமல் மூன்று முறை அலசி, ஒரு லிட்டருக்கு 5 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்ட தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, மறுபடி அலசி, காயவைத்து, கஞ்சியில்லாமல் இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். அரை மீட்டர் சதுரத் துண்டுக்குக் கலவை சுமார் 30 மி.லி. இழுக்கும். ஸ்பாஞ்சால் ஒற்றிப் பூசுங்கள்.

ஜரிகைக் கரை இருந்தால் கரைசலை அதில் படவிடாதீர்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். கூறைப்புடவை போன்றவற்றில் பூசவே வேண்டாம். வேறு துணியில் பூசி, ஓஎச்பி ஷீட் வைத்து, அதன்மேல் புடவையின் முந்தானையை விரியுங்கள். ஜரிகை அப்பட்டமான வெள்ளையாகவும், நெய்த இழைகளின் இடைவெளி நீலப் புள்ளிகளாகவும் வரும். அரக்கும் மஞ்சளும் ஒளியைத் தடுக்கும். மெல்லிய வெளிர்நிறப் பருத்தி விடும். வழக்கமான நேரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு காட்ட வேண்டியிருக்கும். சாயம் போகக்கூடிய பழைய புடவையை அவ்வளவு நேரம் உச்சி வெயிலில் வைக்கலாமா என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓரத்துண்டு இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

முகம்

போட்டோவிலிருந்து அச்சிட நெகட்டிவ் வேண்டும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழைய போட்டோவைப் பிரிக்காதீர்கள், மேல்படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண போட்டோவுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். ஆனால் நம் வீடுகளில் பாட்டிமாரின் ஒரே முகம் பெரும்பாலும் கல்யாண குரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையில், 1 செ.மீ. அகலத்தில் இருக்கும். அதை 1200 டிபிஐயில் எடுத்தால் முகத்தின் அகலம் ஏறக்குறைய 470 பிக்சல். 6 செ.மீ.யாகப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 200 வரும். சயனோடைப்புக்கு அது தாராளம், ஏனென்றால் தாளின் இழையே அதற்குமேல் காட்டாது. அதைவிடப் பெரிதாக்கினால் முகம் கலைந்து வெறும் பொடியாகிவிடும். கணினி கற்பனை செய்து நிரப்பித் தரும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. அவை தரும் கண் பாட்டியின் கண்ணல்ல. இந்த வேலைக்கு அவை வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பூசணக் கறை, கிழிசல், ஸ்டுடியோவின் புடைப்பு முத்திரை ஆகியவையும் இருக்கட்டும்.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, தலைகீழ் நிறமாக்கி, இடவலம் புரட்டி, இங்க்ஜெட் பிரிண்டரில் அதற்கான ஓஎச்பி ஷீட்டில் எடுக்க வேண்டும். புரட்டுவது ஏனென்றால் மை உள்ள பக்கம் தாளைத் தொட வேண்டும். மறுபக்கம் வைத்தால் ஷீட்டின் தடிமன் அளவுக்கு ஒளி பக்கவாட்டில் கசிந்து படம் மங்கும். லேசர் பிரிண்டர் என்றால் கறுப்பில் ஊசித்துளைகள் இருக்கும், இரண்டு ஷீட்டைப் பொருத்தி அடுக்க வேண்டிவரும்.

அடுத்து நேரம் கண்டுபிடிப்பது. படம் ஒன்றும் இல்லாத வெற்று ஷீட்டைப் பூசிய தாளில் வைத்து, அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு பட்டையாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். கழுவி, காயவைத்து, மறுநாள் பாருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக்கூடாது, நீலம் முழுமையாக ஏற ஒருநாள் ஆகும். எந்தப் பட்டைக்குப் பிறகு நீலம் கூடவில்லையோ அந்தப் பட்டையின் நேரம்தான் உங்கள் நேரம். சித்திரை உச்சி வெயிலில் அது பத்து நிமிடத்துக்குள் முடியலாம், மார்கழிக் காலையில் இருபதைத் தாண்டலாம். இனி இந்த நேரத்தை மாற்றாமல், கறுப்பிலிருந்து வெள்ளைவரை பதினோரு படிகள் கொண்ட ஒரு பட்டையை நெகட்டிவாக எடுத்து அச்சிடுங்கள். கருமையான பக்கத்தில் மூன்று நான்கு படிகள் ஒரே நீலமாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள்.

கறுத்த முகங்கள் தொலைந்துபோவது அந்த மூன்று நான்கு படிகளில்தான். சயனோடைப்பின் நிழல் பகுதி குறுகலானது. வெள்ளைச் சட்டைக்கும் பின்னணித் திரைக்கும் ஏற்றபடி நெகட்டிவைச் சரிசெய்தால், முகம் மொத்தமும் ஒரே நீலத்தில் மூழ்கி இரண்டு கண் மட்டும் மிதக்கும். கைக்கு எளிதாக வருகிற தீர்வு முகத்தை வெளுப்பாக்குவது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் ரீடச் பென்சிலால் செய்ததும் அதுதான், அதை நாமும் ஒருமுறை செய்ய வேண்டாம். செய்ய வேண்டியது வேறு: நெற்றி, கன்ன எலும்பு, தாடைக்கடியில் உள்ள நிழல் ஆகிய மூன்றும் பதினோரு படிகளில் ஒட்டாத படிகளில், ஒன்றுக்கொன்று விலகி விழும்படி படம் திருத்தும் மென்பொருளின் வளைகோட்டை ('கர்வ்ஸ்') அந்தப் பகுதியில் மட்டும் செங்குத்தாக்குங்கள். முகம் கறுப்பாகவே இருக்கும், வடிவம் தெரியும். அதற்கு விலையாகச் சட்டையின் மடிப்புகள் வெள்ளையில் கரைந்துபோனால் போகட்டும்.

கடிதம்

இன்லேண்ட் கடிதம் என்றால் இரு பக்கமும் எழுதியிருக்கும். ஸ்கேன் செய்யும்போது கடிதத்தின் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து தெரிவது அடங்கிவிடும். மடிப்புகளை இஸ்திரி போடாதீர்கள். கனமான புத்தகத்துக்குக் கீழே ஒருநாள் வைத்தால் போதும். நீலத்தில் வெள்ளை எழுத்து வேண்டுமானால் நிறம் மாற்றாமல் அப்படியே ஷீட்டில் எடுக்கலாம். வெள்ளையில் நீல எழுத்து வேண்டுமானால் நெகட்டிவாக்க வேண்டும். இரண்டாவதில் அது கடிதம்போலவே இருக்கும். முதலாவது கட்டட வரைபடம்போல. எனக்கு முதலாவது. ஒளி படாமல் மை மறைத்த இடம்தான் எழுத்தாக நிற்கிறது என்பது அதில்தான் தெரிகிறது. அசல் அளவிலேயே அச்சிடுங்கள், எழுத்தின் அளவும் கையெழுத்தின் பகுதிதான். புரட்ட மறந்துவிட்டீர்களா என்பதை 'ழ' உடனே சொல்லிவிடும்.

வெயிலும் தண்ணீரும்

கீழே பலகை, அதன்மேல் தாள், பொருள் அல்லது நெகட்டிவ், மேலே 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, சுற்றிலும் கிளிப். புற ஊதா தடுக்கும் படச்சட்டக் கண்ணாடி வேண்டாம், கண்ணாடிக்குப் பதிலாக வைக்கும் கனமான பிளாஸ்டிக் ஷீட்டும் சந்தேகத்துக்குரியது. மஞ்சள்பச்சை மெல்ல நீலப்பச்சையாகி, பிறகு சாம்பல் நீலமாகி, கடைசியில் திறந்த இடங்கள் வெண்கலப் பழுப்புபோல வெளிறித் தெரியும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், அங்கேதான் நிறுத்த வேண்டும். கழுவும்போது நிறையப் போய்விடும் என்பதால் போதும் என்று தோன்றுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்ட வேண்டும். உயரமான பொருளை வைத்திருந்தால் நேரம் நீள நீளச் சூரியன் நகர்ந்து நிழலின் ஒரு விளிம்பு இரட்டிப்பாகும்.

முதல் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட் அல்லது ஒரு மூடி வினிகர். சென்னை போர் தண்ணீர் போன்ற உப்புத் தண்ணீரில் இது இல்லாமல் கழுவினால் இரும்பு துருவாகப் படிந்து வெள்ளை மஞ்சளித்துவிடும், அதன்பின் எவ்வளவு கழுவினாலும் போகாது. பிறகு பத்துப் பதினைந்து நிமிடம், மஞ்சள் முழுக்கப் போகும்வரை. அரைமணியைத் தாண்டினால் நீலமும் சேர்ந்து இளைக்கும். ஒரு லிட்டரில் 10 மி.லி. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு முக்கினால் நீலம் அந்த நொடியே கரும் நீலமாகும். அது வெறும் அவசரம். காற்றில் விட்டாலும் மறுநாள் அதே நீலம்தான் வரும்.

கழுவும்போது படமே வழிந்து போனால் வெயில் போதவில்லை, அல்லது தாளில் கஞ்சி அதிகம். வெள்ளையெல்லாம் நீலம் பாரித்தால் நெகட்டிவின் கறுப்பு போதவில்லை, அல்லது தாள் பூசி இரண்டு நாளாகிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் மங்கல் என்றால் அங்கே கண்ணாடி அழுத்தவில்லை.

நீலம் வேண்டாம் என்பவர்களுக்குக் கடுக்காய் இருக்கிறது. லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா கலந்த தண்ணீரில் முக்கினால் ஒரு நிமிடத்துக்குள் நீலம் வெளிறி மஞ்சளாகும். நன்றாக அலசி, 25 கிராம் கடுக்காய்ப் பொடியைக் கொதிக்கவைத்து வடித்து ஆறவைத்த ஒரு லிட்டர் சாற்றில் போட்டால் கருஞ்சாம்பலாக எழும். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றி, துருவும் வெல்லமும் ஊறிய கரைசலால் வரையும் கறுப்புக் கோட்டுக்கும் அடிப்படை இதுதான். டீத்தூளும் செய்யும், ஆனால் வெள்ளையையும் பழுப்பாக்கிவிடும். எல்லாவற்றையும் பழுப்பாக்கி 'பழமை' வரவழைப்பது சினிமா போஸ்டர் வேலை. வேட்டி கிடைத்த ஊரில் கடுக்காய் மரம் இருந்தது என்பதுபோல ஏதாவது காரணம் இருந்தால் செய்யுங்கள்.

கொடுத்தபின்

உறவினர்களுக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கட்டாயம் சொல்லி அனுப்ப வேண்டும். லேமினேட் செய்யாதீர்கள். நம் வீடுகளில் முக்கியமானது எது கிடைத்தாலும் முதலில் செய்வது அதுதான். பிரஷ்யன் நீலம் பலத்த வெளிச்சத்தில் வெளிறும், இருட்டில் காற்றுப் பட்டால் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு பெருமளவு திரும்பி வரும். லேமினேட் செய்தால் அந்த வழி அடைபடும். சுவரில் மாட்டியது வெளிறியிருந்தால் சட்டத்திலிருந்து எடுத்து அலமாரிக்குள் சில நாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, புதிதாக வெள்ளையடித்த சுண்ணாம்புச் சுவரில் மாட்டக்கூடாது, மழைக்காலத்தில் ஓதம் ஏறினால் காரமும் சேர்ந்து ஏறும். மூன்றாவது, துணியை சோப்பில் துவைத்தால் ஒரே துவையலில் மஞ்சளாகிவிடலாம். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் லேசாக அலசலாம், அதற்குக் காரம் கிடையாது.

இதே விதிகள் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய வீட்டு வரைபடத்துக்கும் பொருந்தும். நீலத்தில் வெள்ளைக் கோடாக இருந்தால் அது பெரும்பாலும் சயனோடைப்தான். வெள்ளையில் நீலக் கோடென்றால் அநேகமாகப் பிற்காலத்து அம்மோனியா பிரிண்ட், அதன் வேதியியல் வேறு. வரைபடத்தைச் சுண்ணாம்புப் பொருள் சேராத தாளில் சுற்றி வையுங்கள்.

பெயர் எழுதுவது அச்சிடும்போதே நடக்கட்டும். ஒரு துண்டு ஓஎச்பி ஷீட்டில், ஒளி புகாத கறுப்பு மார்க்கரால், அந்தப் பொருளை இப்போது வைத்திருப்பவரைக் கொண்டே எழுதச் சொல்லி ஓரத்தில் வைத்து அச்சிடுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு அச்சானது. முழுப்பெயராக. எழுதிய பக்கம் மேலே இருந்தால்தான் நேராகப் படிக்கும்; கூர்மைக்காக எழுத்தைக் கீழே வைக்கப்போய் பெயரைக் கண்ணாடி எழுத்தாக்கிவிடாதீர்கள். பின்பக்கம் எழுதுவதானால் பென்சில்.